நிஃப்டி ஃபியூச்சர்ஸ்: முதல் லாட்டுக்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

"இரண்டு லட்சம் இருந்தால் நிஃப்டி ஒரு லாட் வாங்கிவிடலாம்" என்று நண்பர் சொன்னதை நம்பித்தான் நானும் ஆரம்பித்தேன். அவர் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிக் கணக்கு. மீதிப் பாதியைக் கீழே படிப்படியாகப் போடுகிறேன், பேனாவும் பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு புள்ளிக்கு எத்தனை ரூபாய்?

நிஃப்டி என்பது 50 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையை வைத்துக் கணக்கிடும் ஓர் எண், அவ்வளவுதான். ஃபியூச்சர்ஸ் என்பது பின்னால் வரும் ஒரு தேதிக்கான விலையை இன்றே பேசிப் போடும் ஒப்பந்தம். எண்ணை டீமேட் கணக்கில் (பங்குகளை வைக்கும் கணக்கு) போட்டு வைக்க முடியாது, அதனால் 2000 ஜூனில் இந்த ஃபியூச்சர்ஸ் தொடங்கிய நாளிலிருந்தே லாப நஷ்டம் பணமாகத்தான் தீர்க்கப்படுகிறது. குறைந்தபட்சம் வாங்க வேண்டிய மூட்டைதான் லாட், இப்போது ஒரு லாட் என்றால் 65 யூனிட். நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் உங்களுக்கு 65 ரூபாய், 25,000-இல் இருந்தால் ஒரு லாட்டின் மொத்த மதிப்பு 16,25,000 ரூபாய். லாட் அளவு அடிக்கடி மாறும் (2024 ஒரே வருடத்தில் 50, 25, 75 என்று மூன்றையும் பார்த்தாயிற்று), எனவே ஆர்டர் போடும் அன்று ஒருமுறை சரிபாருங்கள்.

படி 2: மார்ஜின் அச்சாரம் இல்லை

பலரும் சறுக்குவது இங்கேதான். நிலம் வாங்க அச்சாரம் கொடுத்தால், பிடிக்காவிட்டால் அச்சாரத்தோடு போகட்டும் என்று விலகிவிடலாம். மார்ஜின் அப்படி இல்லை, அது நீங்கள் வைக்கும் பிணை. புரோக்கர் உங்களிடம் சுமார் இரண்டு லட்சம் பிடித்து வைத்தாலும் லாபமும் நஷ்டமும் பதினாறு லட்சத்துக்கு ஓடும், நஷ்டம் பிணையைத் தாண்டினால் மிச்சத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள், நிஃப்டி முந்தைய நாளைவிட 1,379 புள்ளி கீழே முடிந்தது. இன்றைய லாட் அளவில் அது 89,635 ரூபாய், ஒரே நாளில், ஒரே லாட்டில்.

படி 3: எந்த மாதம்?

எப்போதும் மூன்று மாத ஒப்பந்தங்கள் ஓடும். புதியவர்கள் நடப்பு மாதத்தைத் தாண்ட வேண்டாம், அங்கேதான் வாங்குபவரும் விற்பவரும் அதிகம். எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் முடியும் நாள், மாதத்தின் கடைசி செவ்வாய். பழைய வீடியோக்களில் வியாழன் என்று சொல்வார்கள், 2025 செப்டம்பரில் அது மாறிவிட்டது.

விலையைப் பார்த்தால் ஒரு குழப்பம் வரும். நிஃப்டி 25,000, ஆனால் ஃபியூச்சர் 25,100. அந்த 100 புள்ளி பெரும்பாலும் வட்டி: முழுப் பணம் கட்டாமல் பதினாறு லட்சத்துக்கான பொருளை வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதற்கான விலை. எக்ஸ்பைரி நெருங்க நெருங்க இது கரைந்து பூஜ்யமாகும். ஆக நிஃப்டி ஒரு மாதம் இருந்த இடத்திலேயே நின்றாலும் வாங்கியவருக்கு 6,500 ரூபாய் நஷ்டம். இதை எனக்கு யாருமே முதலில் சொல்லவில்லை.

படி 4: தினமும் கணக்குத் தீர்ப்பு

25,100-க்கு வாங்கினீர்கள். அன்று மாலை ஃபியூச்சர் 25,180-இல் முடிந்தது, 5,200 ரூபாய் உங்கள் கணக்குக்கு வரும். மறுநாள் 24,980, இப்போது 13,000 ரூபாய் போகும். நீங்கள் விற்கவே இல்லை, ஆனாலும் பணம் போய்விட்டது. இதைத்தான் எம்டிஎம் (மார்க் டு மார்க்கெட்) என்கிறார்கள். கையில் கூடுதல் ரொக்கம் இல்லாவிட்டால் புரோக்கரே உங்கள் பொசிஷனைக் கட் பண்ணிவிடுவார், அதுவும் பெரும்பாலும் சந்தை அடிவாங்கும் நேரத்தில். எனவே மார்ஜின் அளவுக்கு மட்டும் பணம் போட்டுவிட்டு உட்காராதீர்கள்.

படி 5: ஆர்டர்

முதலில் எஃப்&ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவைப் புரோக்கரிடம் திறக்க வேண்டும், வருமானச் சான்று கேட்பார்கள். அன்றே முடிப்பதாக இருந்தால் எம்ஐஎஸ், மறுநாளுக்கு எடுத்துச் செல்வதாக இருந்தால் என்ஆர்எம்எல். ஏறும் என்று நினைத்தால் வாங்குவது, இறங்கும் என்று நினைத்தால் கையில் எதுவும் இல்லாமலே விற்பது, இரண்டுக்கும் மார்ஜின் உண்டு. வாங்கியவுடன் ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) போடுங்கள். ஆனால் இரவில் உலகச் சந்தைகள் சரிந்து காலை 9:15-க்கு இங்கே 300 புள்ளி கீழே திறந்தால், நீங்கள் போட்ட விலை கிடைக்காது, அந்த நேரத்தில் என்ன விலையோ அதுதான்.

படி 6: வெளியே வருவது

எக்ஸ்பைரி வரை காத்திருக்கத் தேவையில்லை, வாங்கியதை எப்போது வேண்டுமானாலும் விற்றுவிடலாம். தொடர வேண்டுமென்றால் இந்த மாதத்தை விற்று அடுத்த மாதத்தை வாங்குவது ரோல்ஓவர், அப்போது வட்டிப் புள்ளிகள் மறுபடி சேரும்.

அப்புறம் வரி. இது வியாபார வருமானம், ஐடிஆர்-3 என்ற வருமான வரிப் படிவம் போட வேண்டும். நஷ்டம்தானே என்று விட்டுவிடாமல் கெடுவுக்குள் காட்டினால் எட்டு வருடம் வரை பின்வரும் வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.