சித்திரை வெயிலும் கூழ் வடாமும்

தமிழ்நாட்டு வீடுகளில் மாசி கடைசியில் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரை மொட்டை மாடியும் சமையலறையின் ஒரு பகுதியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்கறி வாங்க வெளியே போக முடியாத நாளில் ஒரு கை சுண்டைக்காய் வற்றலைப் போட்டுக் குழம்பு வைத்து, தொட்டுக்கொள்ள நாலு வடாம் பொரித்துவிட்டால் அன்றைய சமையல் முடிந்தது. அந்த நாளுக்கான வேலைதான் கோடையில் நடக்கிறது. போட்ட வடாம் சரியாக வராவிட்டால் வெயில் போதவில்லை என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் பிழை பெரும்பாலும் கூழைக் கிளறிய அடுப்படியிலோ, வெயில் சாய்ந்த பிறகு செய்யத் தவறிய வேலையிலோதான் இருக்கும். ஆகவே இந்தக் குறிப்பில் அந்த இரண்டு இடங்களையே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நாள் பார்ப்பது. மே 4 அளவில் தொடங்கி 28 அளவில் முடியும் அக்னி நட்சத்திரம்தான் வடாமுக்கு உகந்த காலம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அப்போது வெயில் கடுமை என்பது உண்மையே. எனினும் அந்நாட்களில் பிற்பகலில் திடீரென மேகம் திரண்டு கோடை மழை கொட்டுவதும் உண்டு, முதல் நாள் ஈரத்தில் இருக்கும் வடாமுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. வானம் வெளுத்து, காற்றும் உலர்ந்திருக்கும் பங்குனியிலும் சித்திரை முதல் பாதியிலும் வடாமை முடித்துவிடுவது நல்லது. தென்காசிப் பக்கம் உள்ளவர்கள் ஜூன் மாதச் சாரலுக்கு முன்னரே எல்லாவற்றையும் டப்பாவில் அடைத்துவிட வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் எதற்கும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

கூழ் வடாமுக்குப் பழைய பச்சரிசியை மாவாக அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளவும். நான்கு ஆழாக்கு மாவுக்கு அரை ஆழாக்கு ஜவ்வரிசி போதும், அதை முந்தைய இரவே ஊற வைக்க வேண்டும். அச்சில் பிழிகிற வடாமாக இருந்தால் ஒரு பங்கு மாவுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு தண்ணீரும், கரண்டியால் ஊற்றிப் பரப்புகிற வடாமாக இருந்தால் ஐந்து முதல் ஆறு பங்கு தண்ணீரும் வைக்கலாம். அரிசிக்கு அரிசி தண்ணீர் இழுப்பது மாறும் என்பதால், பக்கத்து அடுப்பில் கொஞ்சம் வெந்நீர் தயாராக இருப்பது நல்லது. தண்ணீர் கொதிக்கும்போது ஜவ்வரிசியைப் போட்டு, அது கண்ணாடி போல் ஆனதும், பச்சை மிளகாயையும் உப்பையும் அரைத்து வடிகட்டிய சாற்றை விட்டு, மாவைக் கட்டி தட்டாமல் தூவிக் கிளற வேண்டும். கட்டி தட்டும் என்ற பயம் இருந்தால் மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்தே ஊற்றலாம், ஆனால் கரைத்த நீரையும் மேற்சொன்ன அளவுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் பொறுமை வேண்டும். மாவு கெட்டியானதுமே வெந்துவிட்டது போலத் தோன்றும், உண்மையில் அப்போது அது பாதிதான் வெந்திருக்கும். தீயைத் தணித்து, மூடி வைத்து, இடையிடையே அடி பிடிக்காமல் கிளறி, வெள்ளை நிறம் மாறிப் பளபளப்பு ஏறும் வரை விட வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. வேகாத மாவில் போட்ட வடாம் காயும்போதே வெடித்துப் பொடியாகும், எண்ணெயில் போட்டாலும் பொரியாமல் கல்லாகக் கிடக்கும். காய்ந்த வடாமில் மிச்சமிருக்கும் சிறிதளவு ஈரம் கொதிக்கும் எண்ணெயில் ஆவியாகி, நன்கு வெந்து இறுகிய மாவை உள்ளிருந்து உப்ப வைப்பதே பொரிதல் என்பதை நினைவில் கொண்டால், அடுப்படியில் அவசரப்படத் தோன்றாது.

உப்பைப் பற்றி எங்கள் வீட்டுப் பாட்டி சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. கூழை நாக்கில் வைத்தால் ‘இன்னும் ஒரு கல் போடலாமே’ என்று தோன்ற வேண்டும், ஆனால் போடக் கூடாது. தண்ணீர் வற்றிய பிறகு அதே உப்பு இரண்டு பங்காகத் தெரியும். முதன்முறை நான் தனியாக வடாம் போட்டபோது இதை நம்பாமல் அந்தக் கல்லைப் போட்டுவிட்டேன். அந்த வருடம் எங்கள் வீட்டில் மோர் சாதத்துக்கு உப்பே தேவைப்படவில்லை. பெருங்காயமும் எலுமிச்சைச் சாறும் அடுப்பை விட்டு இறக்கிய பின் சேர்க்க வேண்டியவை. சாறு வடாமை வெளுப்பாக வைத்திருக்கும்.

கூழ் சூடாக இருக்கும்போதே பிழிந்தால்தான் கை வலிக்காது. ஆகையால் விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பை மூட்டி, வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடிப்பது வழக்கம். பழைய நூல் வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, ஓமப்பொடி அச்சிலோ தேன்குழல் அச்சிலோ மெல்லியதாகப் பிழியவும். கனமாகப் பிழிந்தால் மேல்புறம் முதலில் காய்ந்து இறுகி, உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுவிடும். காக்கைக்குக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைப்பார்கள், அதைவிட நம்பகமான காவல் கையில் குச்சியோடு நிழலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான். பாதி காய்ந்த வடாமை அவர்கள் எடுத்துத் தின்பதை மட்டும் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

மாலை வேலை இதற்குச் சமமான முக்கியம் உடையது. வெயில் தாழ்ந்ததும், பனி இறங்குவதற்கு முன், வேட்டியோடு உள்ளே கொண்டுவர வேண்டும். துணியைக் கவிழ்த்துப் பின்புறம் சிறிது தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் விட்டால் வடாம் உடையாமல் உரிந்து வரும். உரித்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், மூடாமல், தாம்பாளத்திலோ முறத்திலோ பரப்பி மின்விசிறிக்குக் கீழே இரவு முழுதும் வைக்கவும். பாத்திரத்தில் போட்டு மூடினால் விடிவதற்குள் புளித்த வாடை வந்துவிடும், பிறகு எத்தனை நாள் காய்ந்தாலும் அது போகாது. மறுநாள் முதல் திருப்பித் திருப்பி இரண்டு மூன்று நாள் காய வைத்தால் போதும். ஒடித்தால் வளையாமல் ‘டக்’ என்று முறிய வேண்டும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் இரண்டு ஆழாக்கு மாவோடு நிறுத்திக்கொண்டு, பால்கனியில் நேர் வெயில் விழும் சில மணி நேரத்தையும் மீதி நேரம் மின்விசிறியையும் நம்பலாம். வெயிலைப் போலவே காற்றும் ஈரத்தை எடுத்துச் செல்கிறது.

மோர் மிளகாயில் வரிசை நேர்மாறு. பகலில் காய்ந்ததை மாலையில் மீண்டும் நனைக்க வேண்டும். ஒரு கிலோ பச்சை மிளகாயைக் காம்போடு கழுவித் துடைத்து, நுனிப் பக்கம் சிறிதாகக் கீறி, ஒரு லிட்டர் புளித்த கெட்டித் தயிரைக் கடைந்து 100 கிராமுக்குச் சற்று மேலாகக் கல்லுப்புச் சேர்த்த மோரில் இரண்டு நாள் ஊற விடவும். பிறகு காலையில் மிளகாயை எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் உள்ளே இழுபடும் வரை இப்படியே செய்து, கடைசியில் வெளுத்துச் சருகாகும் வரை காய விட வேண்டும். மணத்தக்காளிக்கும் சுண்டைக்காய்க்கும் இதே முறைதான். சுண்டைக்காயை மட்டும் லேசாக நசுக்கிக்கொண்டால் கசப்பும் குறையும், உப்பும் ஏறும்.

வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு எதையும் டப்பாவில் அடைக்கக் கூடாது, மூடியின் உட்புறம் வியர்த்துப் பூஞ்சை வந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு, துடைத்துக் காய வைத்த எவர்சில்வர் டப்பாவிலோ பீங்கான் ஜாடியிலோ போடலாம். பொன் உருகக் காய்ந்து மண் உருகப் பெய்யும் என்று சொல்லப்படும் புரட்டாசியில், பொன் உருகக் காயும் நாள் ஒன்றைப் பார்த்து எல்லாவற்றையும் மீண்டும் ஒரு வெயில் காட்டி எடுத்து, ஒரே ஒரு வடாமைப் பொரித்துப் பாருங்கள். நடுவில் கடுக்கென்று பல்லில் தட்டினால், மழைக்கு முன் இன்னும் ஒரு நாள் வெயில் தேவை.