நடக்க நடக்கக் கால் தளர்ந்தால் டிஸ்க்கோடு நிறுத்திவிடாதீர்கள்

அப்பாவுக்கு அப்போது 61 வயது. டீக்கடைக்குப் போய் வருவதற்குள் இரண்டு காலும் கனத்துப்போகும். கொஞ்சம் உட்கார்ந்தால் தேவலை. இடுப்பு ஸ்கேனைப் பார்த்து டிஸ்க் தேய்மானம் என்றார்கள். சிறுநீர் சரியாகப் போகாததற்கு பிராஸ்டேட் மாத்திரை. இப்படியே ஒன்றரை வருடம் போய்விட்டது. இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அவருக்கு இருந்தது டியூரல் ஏவி ஃபிஸ்டுலா. தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் தடித்த உறையில் ஒரு சின்னத் தமனி நேராகச் சிரையோடு சேர்ந்துவிடுகிறது. வயல் தண்ணீர் வடிகிற வாய்க்காலில் மோட்டாரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வடிய வழியில்லாமல் வயலிலேயே தேங்கும். ரத்தம் வடிய வழியில்லாமல் தண்டுவடமும் அப்படித்தான் வீங்குகிறது. 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கே அதிகம் வருகிறது.

கால் தளர்ச்சி, மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலச் சிக்கல் எல்லாம் சேர்ந்து மெல்லக் கூடிக்கொண்டே போனால், "முழு முதுகுத்தண்டுக்கும் எம்ஆர்ஐ எடுக்கலாமா?" என்று நரம்பியல் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கோளாறு பெரும்பாலும் நடுமுதுகிலிருந்து மேல் இடுப்பு வரை எங்காவது இருக்கும். இடுப்பு ஸ்கேனில் மட்டும் தேடினால் அது கண்ணில் படாமலே போய்விடலாம். தண்டுவட வீக்கமும், அதன்மேல் புழுப் போல நெளியும் ரத்தக்குழாய்களும்தான் அடையாளம். அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள் என்றால், இந்த நோய் இல்லை என்று பார்த்துவிட்டார்களா எனக் கேளுங்கள். சிலருக்கு அது கால் தளர்ச்சியைத் திடீரென்று மோசமாக்கிவிடும். அப்பாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்ட மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

அடுத்தது தண்டுவட ரத்தக்குழாய்களுக்கான ஆஞ்சியோ. தொடை வழியாகக் குழாய் விட்டு, ஒவ்வொரு தமனியாகச் சாயம் செலுத்திப் பார்ப்பார்கள். நேரம் பிடிக்கும். கிரியாட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட், சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எல்லா விவரமும் கையில் இருக்கட்டும். முடிந்ததும் ஒரு கேள்வி முக்கியம்: தண்டுவடத்துக்குப் போகும் பெரிய தமனியும் அதே இடத்திலிருந்து கிளம்புகிறதா? ஆமாம் என்றால் குழாய் வழியாகப் பசை செலுத்தி இணைப்பை அடைப்பது ஆபத்து, அறுவை சிகிச்சைதான். இல்லையென்றால் இரண்டுக்கும் வழி உண்டு. பசைக்கு முதுகைக் கிழிக்க வேண்டாம், ஆனால் சிலருக்கு இணைப்பு மறுபடி திறந்துகொள்கிறது. அறுவையில் கொஞ்சம் எலும்பை எடுத்து அந்தச் சிரையைத் துண்டிப்பார்கள். அநேகமாக எல்லோருக்கும் இணைப்பு ஒரே தடவையில் அடைபட்டுவிடும். நாங்கள் அதையே தேர்ந்தெடுத்தோம்.

சிகிச்சைக்குப் போகும்போது எவ்வளவு நடக்க முடிந்ததோ, அதைப் பொறுத்துத்தான் பிறகு கிடைப்பதும். பலருக்குக் கால் பலம் தேறுகிறது. மரத்துப்போனதும் சிறுநீரும் அந்த அளவுக்குத் தேறுவதில்லை. அறுவைக்குப் பின் புதிதாகத் தளர்ச்சி தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

அப்பா எட்டாவது மாதம் கைத்தடியோடு டீக்கடை வரை போனார். சிறுநீருக்கு மட்டும் இன்றும் அவரே டியூப் போட்டு எடுக்கிறார். வீட்டுக்கு வருவதற்கு முன்பே வார்டில் நர்ஸ் பக்கத்தில் நிற்க, நான்கைந்து தடவை அவர் கையாலேயே செய்து பழகிக்கொண்டார். நீங்களும் அதைக் கேட்டு வாங்கிப் பழகிவிட்டு டிஸ்சார்ஜ் ஆகுங்கள்.