பருத்தி ஒட்டில் இலைச் சுணை எந்தப் பெற்றோரைப் போல வருகிறது? வயலிலேயே பார்க்கும் முறை

பருத்தி இலையின் அடிப்புறச் சுணை (நுண் முடி) அடர்ந்திருந்தால் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி அதிகம் அண்டாது. வழவழப்பான இலையை அது விடாது. அதனால் ஒட்டுச் செடி (இரு ரகங்களின் பூக்களைக் கலந்து பெறும் செடி) எந்தப் பெற்றோரின் சுணையைப் பெறுகிறது என்பதை அறிவது அவசியம்.

வழவழப்பான ரகத்தைத் தாயாக வையுங்கள். சுணை பெரும்பாலும் ஓரளவு ஓங்கும் பண்பு, அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தாலும் ஓரளவு வெளிப்படும். அப்படியானால் ஒட்டில் சுணை வரவேண்டும். வழவழப்பாகவே முளைத்த செடி தன் மகரந்தத்திலேயே விளைந்த கலப்படம் என்று அங்கேயே பிடிபடும். தாயைச் சுணை ரகமாக வைத்தால் இந்த வசதி போய்விடும். (வழவழப்பே ஓங்கும் மரபணுக்களும் உண்டு, பெற்றோர் எந்த வகை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.)

தாய்ச் செடியில் மறுநாள் மலரவிருக்கும் மொக்கை மாலை 3 மணிக்கு மேல் தேர்ந்து, இதழோடு மகரந்தப் பைகளைச் சூலகத்தைக் கீறாமல் நகத்தால் உரித்து, பையால் மூடுங்கள். ஒரு மகரந்தப் பை தங்கினாலும் வேலை வீண். மறுநாள் காலை 9 முதல் 11 மணிக்குள் தந்தைப் பூவின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, மீண்டும் மூடி, சீட்டுக் கட்டுங்கள். அமெரிக்கப் பருத்திக்கு 52 குரோமோசோம், நாட்டுப் பருத்திக்கு 26. இரண்டையும் கலந்தால் விதை பிடிப்பதே அரிது, பிடித்தாலும் செடி மலடு.

எண்ணும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இளம் இலையில் சுணை நெருக்கமாகத் தெரியும். இலை விரிய விரிய இடைவெளி கூடும். எனவே எல்லாச் செடியிலும் நுனியிலிருந்து நான்காவது இலையையே எடுங்கள். நரம்பின் மேல் எண்ணாதீர்கள், அங்கே எப்போதும் அதிகம். நடுநரம்புக்கும் பக்க நரம்புக்கும் இடையே 1 சதுர செ.மீ. துளையிட்ட அட்டையை அடிப்புறத்தில் வைத்து, 10 மடங்கு லென்ஸில் எண்ணுங்கள். நீளத்தையும் குறியுங்கள், குட்டைச் சுணை அடர்ந்திருந்தாலும் பயன் குறைவு.

சுணையோடு இலைத்துளைகளையும் (இலை மூச்சுவிடும் நுண்துளைகள்) பார்க்க விரும்பினால் நிறமற்ற நகப்பூச்சை மெல்லத் தடவி, 10 நிமிடம் காயவிட்டு, செல்லோடேப்பால் உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். அடர்ந்த சுணையில் படலம் கிழியும். பிளேடால் மழித்துவிட்டுத் தடவுங்கள்.

சுணையை ஒரே மரபணு ஆள்கிறது, அதுவும் பாதி ஓங்கல் (ஒட்டு இரு பெற்றோருக்கும் இடைப்பட்டது) என்றால், ஒட்டுச் செடி தன் மகரந்தத்தாலேயே தரும் இரண்டாம் தலைமுறையின் 160 செடிகளில் ஏறத்தாழ 40 வழவழப்பு, 80 இடைநிலை, 40 அடர் சுணை. கணக்கு சேர இரு பெற்றோரும் அமெரிக்கப் பருத்தியாகவே இருக்கட்டும். 1972இல் வந்த வரலட்சுமி ஒட்டு ரகம் போல அமெரிக்கப் பருத்தியோடு நீள இழை எகிப்தியப் பருத்தி இனத்தைக் கலந்தால் முதல் தலைமுறை செழிக்கும். இரண்டாவதில் நலிந்த, உருக்குலைந்த செடிகள் புகுந்து விகிதத்தைக் குழப்பும்.

சுணை மிகுந்தால் வெள்ளை ஈ கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.