ஒரே படத்தாளில் பலமுறை வண்ணம் தீட்ட

கார்ட்டூன் படத்தாளை ஒரு முறை மட்டும் நகலெடுத்து, கோப்பில் செருகும் ஏ4 பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, அதன்மேல் வெண்பலகை மார்க்கரால் பிள்ளைகளை வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். முடித்ததும் பழைய துணியால் துடைத்துவிட்டு அதே படத்தை அடுத்த பிள்ளையிடம் கொடுக்கலாம்.

தாளின் இழைகளுக்குள் மை ஊறிவிடும். வழவழப்பான பிளாஸ்டிக்கிலோ ஊற இடமில்லை. மேலும், இவ்வகை மையில் கலந்துள்ள எண்ணெய்த் தன்மையுள்ள பொருள், நிறம் பரப்பில் பற்றிக்கொள்ளாமல் தடுப்பதால், காய்ந்த பின்னரும் அது படலமாக உரிந்து வந்துவிடுகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில், தோட்டத்திலிருந்து பட்டணத்து நகல் கடைக்கு ஒவ்வொரு முறையும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் எண்ணெய்ச் செலவும், பள்ளி விடுமுறைக் காலத்தில் தாளுக்குத் தாள் கொடுக்கும் சென்னும் இதனால் மிச்சமாகும். பெரும்பாலான கடைகளில் இம்மார்க்கர் கறுப்பு, நீலம், சிவப்பு, பச்சை ஆகிய நிறங்களில்தான் கிடைக்கும் என்பதால் மஞ்சள் கோழிக்குஞ்சு பச்சையாகிவிடும். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

மங்கலான, சொரசொரப்பான உறைக்கு இம்முறை பொருந்தாது. துடைத்தால் போகாத நிரந்தர மார்க்கரை இவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். பல நாள் துடைக்காமல் விட்ட மை இறுகிவிட்டால், அதன்மேல் அதே மார்க்கரால் மீண்டும் தீட்டி ஈரம் காயுமுன் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். பாட்டிக்குக் கொடுக்கவோ சுவரில் ஒட்டவோ பிள்ளை விரும்பினால், தாளும் வண்ணப் பென்சிலுமே சரி.