நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்: முதுநிலைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் 2021ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 35 லட்சம் பேரின் உயிரைப் பறித்தது. உலகின் இறப்புக் காரணங்களில் அது நான்காம் இடத்தில் நிற்கிறது. மூச்சுத்திணறலோடு நள்ளிரவில் வரும் நோயாளியை மீட்டெடுப்பதில் நம் முதுநிலை மாணவர்கள் விரைவிலேயே தேர்ந்துவிடுகிறார்கள். அதே நோயாளி வீடு திரும்பிய பிறகு மருந்தை எப்படி எடுக்கிறார், எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதைக் கண்ணால் பார்க்காமலே படிப்பை முடித்தும்விடுகிறார்கள். மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகிய மூவரின் பயிற்சியிலும் நேரும் பல தவறுகளுக்கு இந்த இடைவெளியே வேர்.

நோயறிதலிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை அறிக்கையின் அடியில் கணினி அச்சிடும் ஒற்றை வரியைக் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதுவது பரவலான வழக்கம். நோயாளி முழு மூச்சையும் ஊதினாரா, பாதியில் இருமினாரா, உதட்டோரம் காற்று கசிந்ததா என்பதை அந்த வரி எப்போதும் சரியாகச் சொல்லிவிடாது. ஏற்கத்தக்க மூன்று ஊதல்களாவது கிடைத்திருக்க வேண்டும்; அவற்றில் சிறந்த இரண்டின் எஃப்இவி1 அளவுகள் (முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்று) 150 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. வளைகோட்டைப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு இது புலப்படாது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் கொடுத்து, 15 நிமிடம் காத்திருந்து, மீண்டும் ஊதச் சொல்லும் இரண்டாம் கட்டத்தை வரிசை நீள்கிறது என்பதற்காகக் கைவிடுவது அதைவிடப் பெரிய தவறு. ஏனெனில், அந்த மருந்துக்குப் பின்னும் எஃப்இவி1-க்கும் எஃப்விசி-க்கும் (முழு மூச்சில் ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்று) இடையிலான விகிதம் 0.7-க்குக் கீழே இருந்தால்தான் இந்த நோயை உறுதிப்படுத்த முடியும். பயிற்சி பெறுபவர் ஒரு முறையாவது தாமே ஊதிப் பார்த்து, சில நாட்கள் தொழில்நுட்பரோடு நின்று நோயாளிகளை ஊதவைத்தால், அறிக்கையை வாசிக்கும் முறையே மாறிவிடும்.

"புகைபிடிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டு, "இல்லை" என்ற பதிலோடு நின்றுவிடுவதும் தவிர்க்க வேண்டியது. முப்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்த பெண்ணும் அதே "இல்லை"யைத்தான் சொல்வார். எந்த அடுப்பு, எத்தனை ஆண்டுகள், புகை வெளியேற வழி இருந்ததா என்று கேட்க வேண்டும். எப்போதோ காசநோய்க்குச் சிகிச்சை பெற்றாரா என்பதும் அப்படித்தான். குணமான காசநோய் விட்டுச்சென்ற தழும்பே மூச்சுக்குழாய் அடைப்புக்குக் காரணமாக இருக்கலாம்.

இன்ஹேலர் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நோயாளிகள் "பம்பு" என்று சொல்லும் அளவூட்டு இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, அழுத்தும்போதே மூன்று முதல் ஐந்து நொடி மெதுவாக உள்ளிழுத்து, பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். மாத்திரை போட்டு இழுக்கும் பொடி இன்ஹேலரையோ வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும்; அதற்குள் ஊதிவிட்டால் பொடி ஈரமாகிவிடும். நேரெதிரான மூச்சைக் கோரும் இவ்விரண்டையும் ஒரே சீட்டில் எழுதி, ஒரு வார்த்தைகூட விளக்காமல் அனுப்பிவிடும்போது, நோயாளி இரண்டையும் ஒரே மாதிரிதான் இழுப்பார். மாத்திரை என்ற சொல்லை நம்பி அதை விழுங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள்; அது அவர்களுடைய அறியாமை அல்ல, நாம் சொல்லிக்கொடுக்காததன் விளைவு. மருந்து நுரையீரலைச் சென்றடையவே இல்லை என்பதைக் கவனிக்காமல், மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு செய்து அளவைக் கூட்டுவது இதன் அடுத்த கட்டம்.

மூச்சுக்குழாய் விரிப்பான்களின் மருந்தியலைப் பக்கம் பக்கமாக எழுதும் மாணவரின் கையில் மருந்தில்லாத பயிற்சிக் கருவி ஒன்றைக் கொடுத்து, செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். பலர் தடுமாறுவார்கள். செய்முறைத் தேர்வில் இதற்கு இடம் தராதவரை நிலைமை மாறாது என்பது என் உறுதியான கருத்து. நோயாளியிடமும் "போடத் தெரியுமா?" என்று கேட்பதில் பயனில்லை, "எப்படிப் போடுகிறீர்கள், காட்டுங்கள்" என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்க வேண்டும். "பம்பு பழகிவிடும், அது கடைசிக் கட்ட மருந்து" என்ற அச்சத்தை அவர் வாயாலேயே சொல்லவிட்டுப் பதிலளிக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரென்றால் வாய் கொப்பளிக்கச் சொல்வதோடு, அந்த ஸ்டீராய்டு தேவைதானா என்றும் யோசிக்க வேண்டும். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100-க்குக் கீழே உள்ளவர்களுக்கு அதனால் பயன் குறைவு, நிமோனியா அபாயமோ உண்டு.

அவசரச் சிகிச்சையில் அடிக்கடி நேரும் பிழை, ஆக்சிஜனை அளவின்றித் திறந்துவிடுவது. டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்களை வைத்து நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், அதிக ஆக்சிஜன் பெற்றவர்களில் 100-க்கு 9 பேர் இறந்தார்கள். அளவிட்டுப் பெற்றவர்களில் 4 பேர். ரத்த ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 சதவீதம் என்ற இலக்கை மருத்துவர் மனத்தில் வைத்திருந்தால் போதாது. இரவுப் பணிச் செவிலியர் பார்க்கும் தாளில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். கருமை நிறத் தோலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், ஐயம் எழும்போது தமனி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நோய் திடீரென முற்றும்போது கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கு, நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாட்களே போதும் என்பதை 2013இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது. இரண்டு வாரம் எழுதும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

"ஓய்வாக இருங்கள்" என்று சொல்லி அனுப்புவது கனிவாகத் தோன்றினாலும் தீங்கானது. நடக்காத காலின் தசை மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கும் அதிக மூச்சைக் கேட்கிறது. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் தாழ்வாரமும் ஒரு கடிகாரமும் ஆக்சிமீட்டரும் போதும், தாழ்வாரம் இல்லாத அரசு மருத்துவமனை ஏது? உதட்டைக் குவித்து மூச்சு விடும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடமிருந்து முதுநிலை மருத்துவர் கற்றுக்கொள்வதில் தாழ்வு எதுவும் இல்லை. மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியோருக்குத் தனித்தனி அறைகளில் வகுப்பெடுத்துவிட்டு, வார்டில் ஒரே குரலில் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடவாத காரியம்.

2020ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, இந்தியாவில் முதுநிலை மருத்துவ மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். அதை வெறும் கட்டாயப் பணியாகக் கழித்துவிடாமல், தாம் வீட்டுக்கு அனுப்பிவைத்த சில நோயாளிகளையாவது ஒரு மாதத்துக்குப் பின் நேரில் சந்தித்து, அலமாரியில் இருக்கும் இன்ஹேலரில் மீதமுள்ள மருந்தைக் காட்டும் எண் எத்தனையில் நிற்கிறது என்று எடுத்துப் பார்க்கலாம்.