பழைய ஸ்ட்ராடஜி கேம் புது கம்ப்யூட்டர்ல ஓடலையா? எங்க மாட்டுதுன்னு பார்த்து சரி பண்ற வழி

டபுள் கிளிக் பண்றீங்க, ஸ்கிரீன் ஒரு செகண்ட் கருப்பாகுது, திரும்ப டெஸ்க்டாப்புக்கே வந்து நிக்குது. எர்ரர் மெசேஜ்கூட இல்ல. இந்த இடத்துல எல்லாரும் செய்றது ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ் போய், கம்பேட்டிபிலிட்டி டேப்ல விண்டோஸ் 95, 98, எக்ஸ்பின்னு ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி பார்க்குறது, எதுவும் சரி வரலைன்னா இந்த கேம் இனிமே ஓடாதுன்னு முடிவு கட்டிடுறது. பெரும்பாலும் அது ஓடும்ங்க. ஆனா குருட்டாம்போக்குல செட்டிங்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி எந்த இடத்துல மாட்டுதுன்னு கண்டுபிடிக்கணும். இன்ஸ்டாலர், டிஸ்க் செக், கிராஃபிக்ஸ், சத்தம், நெட்வொர்க், இந்த அஞ்சுல ஏதாவது ஒண்ணுதான் பெரும்பாலும் காரணமா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற வேற. கிராஃபிக்ஸ் பிரச்சனைக்கு அட்மினா ரன் பண்ணி பார்க்குறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை. உங்க கேமுக்கு வேற யாராவது ஏற்கனவே இந்த வேலையை முடிச்சு வச்சிருக்காங்களான்னு தேடுங்க, ஏன்னா ஸ்ட்ராடஜி கேம்களுக்கு இருக்குற ரசிகர் கூட்டம் மாதிரி வேற வகை கேம்களுக்கு அமையுறது கஷ்டம். 1998ல வந்த ஸ்டார்கிராஃப்ட்டை 2017ல அதைப் பண்ண கம்பெனியான பிளிசார்டே இலவசமா கொடுத்துட்டாங்க, அதே வருஷம் ரீமாஸ்டர்டும் வந்துச்சு, அதுல எஃப்5 அமுக்குனா பழைய கிராஃபிக்ஸ், புது கிராஃபிக்ஸ் ரெண்டுக்கும் நடுவுல மாறிக்கலாம். ரெட் அலர்ட் ஆடணும்னா ஓப்பன்ஆர்ஏ இருக்கு, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், ஆனா அது புதுசா எழுதுன என்ஜின், பேலன்ஸ் எல்லாம் கொஞ்சம் மாத்தியிருக்காங்க, 1996ல ஆடுன அதே கேம் அச்சு அசலா வேணும்னு நினைக்கிறவங்களுக்கு அது பத்தாது. டிரான்ஸ்போர்ட் டைகூனுக்கு ஓப்பன்டிடிடி, பழைய ஃபைல் எதுவுமே இல்லாம ஆடலாம். முதல் எக்ஸ்-காமுக்கு ஓப்பன்எக்ஸ்காம், ஹீரோஸ் 3க்கு விசிஎம்ஐ, இது ரெண்டுக்கும் ஒரிஜினல் கேமோட டேட்டா ஃபைல் உங்ககிட்ட இருக்கணும். ஹீரோஸ் 3ல ஒரு விஷயம் கவனிங்க, 2015ல வந்த எச்டி எடிஷன்ல எக்ஸ்பேன்ஷன் ரெண்டும் கிடையாது, அதனால கம்ப்ளீட் எடிஷனை வாங்கி அதுமேல ரசிகர்கள் பண்ண எச்டி மாட் (கேமை மாத்துற ஆட்-ஆன்) போடுறதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் சரியான வழி.

இப்படி எதுவும் இல்லைன்னா, இல்ல உங்களுக்கு அந்த பழைய டிஸ்க்ல இருக்குற கேமே வேணும்னா, கீழ படிங்க.

முதல் கேள்வி, உங்க கேம் டாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி இருந்த, கமாண்ட் டைப் பண்ணி ஓட்டுற சிஸ்டம்) கேமா விண்டோஸ் கேமா? 1995க்கு முன்னாடி வந்ததுன்னா கிட்டத்தட்ட டாஸ்தான், அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷம் ரெண்டும் கலந்து வந்துச்சு. டாஸ் கேம்னா உண்மையில உங்க வேலை சுலபம், டாஸ்பாக்ஸ்ங்கிற எமுலேட்டர் ஒரு முழு பழைய கம்ப்யூட்டரையே உள்ளுக்குள்ள நடிச்சுக் காட்டுது, அதனால உங்க விண்டோஸ் புதுசா பழசான்னு கேமுக்குத் தெரியவே தெரியாது. புதுசா ஆரம்பிக்கிறவங்க டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் எடுங்க, இன்னமும் அப்டேட் ஆகிட்டு இருக்கு. கேம் ஃபோல்டரை மவுன்ட் கமாண்ட் வச்சு சி டிரைவா காட்டணும், அப்புறம் அந்த ஃபோல்டருக்குள்ள போய் கேம் பேரை டைப் பண்ணணும், அவ்வளவுதான். கேமோட செட்டப் ப்ரோக்ராம் சவுண்ட் கார்டு எதுன்னு கேட்டா சவுண்ட் பிளாஸ்டர், போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1ன்னு கொடுங்க, டாஸ்பாக்ஸ் வழக்கமா வச்சிருக்குற நம்பர்கள் இதுதான்.

டாஸ் கேம்ல கவனிக்க வேண்டியது வேகம். 1992ல வந்த டியூன் 2 மாதிரி கேமெல்லாம் அந்த காலத்து ப்ராசஸர் வேகத்தை மனசுல வச்சு எழுதுனது. வேகம் ஜாஸ்தியா இருந்தா மேப் ஓரத்துக்கு மவுஸ் போன உடனே ஸ்கிரீன் பறந்துடும், கம்மியா இருந்தா பத்து டேங்க் சேர்ந்து நகரும்போது சத்தமே விட்டு விட்டு கேட்கும். கன்ட்ரோல் எஃப்11 அமுக்குனா சைக்கிள்ஸ், அதாவது டாஸ்பாக்ஸ் காட்டுற ப்ராசஸர் வேகம், குறையும், கன்ட்ரோல் எஃப்12 அமுக்குனா கூடும். கேமை ஓடவிட்டு, மேப்பை ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே ரெண்டையும் மாத்திப் பாருங்க, கைக்குப் பழகுன வேகம் வந்ததும் அந்த நம்பரை கான்ஃபிக் ஃபைல்ல எழுதி வச்சுடுங்க, இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து பண்ணணும்.

இப்ப விண்டோஸ் கேமுக்கு வருவோம், தலைவலி இருக்குறது இங்கதான்.

டிஸ்க்கை போட்டு செட்டப் கிளிக் பண்ணதுமே "இந்த ஆப் உங்க பிசியில ஓடாது"ன்னு வந்தா பயப்படாதீங்க, கேம் நல்லாத்தான் இருக்கும், இன்ஸ்டாலர்தான் 16-பிட், அதாவது ரொம்பப் பழைய வகை ப்ரோக்ராம். தொண்ணூறுகள்ல நிறைய கம்பெனிகள் 32-பிட் கேமை 16-பிட் இன்ஸ்டாலருக்குள்ள வச்சு வித்தாங்க, 64-பிட் விண்டோஸ் 16-பிட் ப்ரோக்ராம் எதையும் ஓட்டாது. சில டிஸ்க்ல கேம் ஃபைல் எல்லாம் திறந்தே கிடக்கும், அப்படியே காப்பி பண்ணா போதும். கேப் ஃபைலுக்குள்ள சுருட்டி வச்சிருந்தா இன்ஸ்டால்ஷீல்டு கேப் ஃபைலைப் பிரிக்கிற டூல்கள் இருக்கு. இல்லைன்னா ஓடிவிடிஎம்னு ஒண்ணு இருக்கு, வைன்விடிஎம்னும் சொல்வாங்க, அது 16-பிட் விண்டோஸ் ப்ரோக்ராமை 64-பிட் விண்டோஸ்ல ஓட்டும். 1996ல வந்த சிவிலைசேஷன் 2ஓட முதல் பதிப்பு மாதிரி கேமே 16-பிட்டா இருந்தா, அதுக்கும் இதுதான் வழி.

இன்ஸ்டால் பண்ற இடமும் முக்கியம். ப்ரோக்ராம் ஃபைல்ஸ்குள்ள போடாதீங்க. பழைய கேமெல்லாம் சேவ் ஃபைலை தன் ஃபோல்டருக்குள்ளயே எழுதும், விண்டோஸ் அதை அங்க எழுத விடாம வெர்ச்சுவல்ஸ்டோர்ங்கிற வேற ஃபோல்டருக்கு சத்தமில்லாம திருப்பி விட்டுடும், அப்புறம் சேவ் எங்க போச்சுன்னு தேடிக்கிட்டே இருக்கணும், பேட்ச் (கேமுக்குப் பின்னாடி வர்ற திருத்தம்) போட்டாலும் பாதி இங்க பாதி அங்கன்னு குழம்பும். சி டிரைவ்ல நேரா கேம்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள வைங்க.

அடுத்தது டிஸ்க் செக். டிஸ்க் உள்ள இருக்கு, ஆனா "சிடியைப் போடவும்"னு கேட்டுக்கிட்டே இருக்கு, இல்ல ஒண்ணுமே சொல்லாம மூடிக்குதுன்னா சேஃப்டிஸ்க்கா இருக்க வாய்ப்பு அதிகம். இது விண்டோஸோட அடிமட்டம் வரைக்கும் போற ஒரு டிரைவரை நம்பி வேலை செஞ்ச காப்பி ப்ரொடெக்‌ஷன், அதுல பாதுகாப்பு ஓட்டை இருந்ததால விண்டோஸ் 10ல மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரையே எடுத்துட்டாங்க, 2015 செப்டம்பர் அப்டேட்ல விண்டோஸ் 7, 8லயும் முடக்கிட்டாங்க. அந்த டிரைவரை எங்கேயாவது தேடி எடுத்து திரும்பப் போடுங்கன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, ஒரு கேமுக்காக மொத்த கம்ப்யூட்டரையும் திறந்து வைக்கக் கூடாது. கேம் கம்பெனியே பின்னாடி வெளியிட்ட கடைசி பேட்ச்ல சில சமயம் டிஸ்க் செக்கை எடுத்திருப்பாங்க, முதல்ல அதைப் பாருங்க. இல்லைன்னா ஜிஓஜி, ஸ்டீம் மாதிரி இடத்துல அதே கேம் டிஜிட்டலா கிடைக்குதான்னு பாருங்க, கிடைச்சா அதை வாங்குறதுதான் நல்லது, டிஸ்க் செக்கும் இருக்காது, பாதி பிரச்சனையை அவங்களே சரி பண்ணிக் கொடுத்திருப்பாங்க.

கிராஃபிக்ஸ்தான் பெரிய விஷயம், இதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் தன்னால புரியும். 1999ல வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2வை விண்டோஸ் 7ல ஓட்டுனவங்களுக்கு ஞாபகம் இருக்கும், புல்வெளி ஊதாவாவும் தண்ணி கண்றாவியான கலர்லயும் தெரியும். காரணம் என்னன்னா, அந்த கேம் ஒரே நேரத்துல 256 கலர்தான் பயன்படுத்தும், நம்பர் போட்ட 256 பெயின்ட் டப்பா மாதிரி, 47ஆம் நம்பர்னா இந்தப் பச்சைன்னு கேம் ஒரு பட்டியல் போட்டு வச்சிருக்கும், படத்துல நம்பர் மட்டும்தான் இருக்கும். நடுவுல விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் வந்து அந்தப் பட்டியல்ல சில டப்பாவை மாத்தி வச்சுடும், கேமுக்கு அது தெரியாம பழைய நம்பரையே எடுத்து பூசிக்கிட்டு இருக்கும். அதனாலதான் அந்த காலத்துல டாஸ்க் மேனேஜர்ல எக்ஸ்ப்ளோரரை மூடிட்டு கேமை ஓட்டுனா கலர் சரியாச்சு.

இப்ப அப்படி எதையும் மூட வேண்டாம். இந்த கேமெல்லாம் டைரக்ட்டிராங்கிற பழைய வழியிலதான் படம் வரையுது, புது விண்டோஸ்ல அது பேருக்குத்தான் இருக்கு, நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வச்சா வேலை முடிஞ்சுது, அதைத்தான் ராப்பர்னு சொல்றாங்க. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ரெட் அலர்ட் மாதிரி 2டி கேமுக்கு சிஎன்சி-டிடிரா, 2001ல வந்த எம்பயர் எர்த் மாதிரி 3டி கேமுக்கு டிஜிவூடூ2. டவுன்லோடு பண்ணி அதுல இருக்குற டிடிரா.டிஎல்எல் ஃபைலை கேமோட இஎக்ஸ்இ இருக்குற அதே ஃபோல்டர்ல வைக்கணும், டிஜிவூடூன்னா எக்ஸ்86 ஃபோல்டர்ல இருக்குற டிஎல்எல்கள், ஏன்னா பழைய கேமெல்லாம் 32-பிட். சிஸ்டம்32 ஃபோல்டர் பக்கம் போகவே போகாதீங்க. இன்னொரு முக்கியமான விஷயம், ராப்பர் போட்டா நீங்க முன்னாடி டிக் பண்ணி வச்ச கம்பேட்டிபிலிட்டி மோடு எல்லாத்தையும் எடுத்துடுங்க. ரெண்டும் ஒரே வேலையில கை வைக்கிறதால ஒண்ணை ஒண்ணு கெடுத்துக்கும், ராப்பர் போட்டும் மாறலைன்னு நிறைய பேர் சொல்றதுக்கு காரணம் இதுதான்.

ஸ்கிரீன் அளவு பத்தி எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கு. பழைய கேம் எல்லாம் 640க்கு 480, 800க்கு 600ன்னு 4:3 அளவுல வரைஞ்சது, அதை அகலமான மானிட்டர் முழுக்க இழுத்து விட்டா குதிரை எல்லாம் குண்டாயிடும், வட்டம் முட்டையாயிடும். ராப்பரோட கான்ஃபிக்ல ஆஸ்பெக்ட் ரேஷியோவை அப்படியே வைக்கிற ஆப்ஷனை டிக் பண்ணுங்க, ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும், வரட்டும். கேமையே பெரிய ரெசல்யூஷன்ல ஓட்டவும் வழி இருக்கு, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கான்கரர்ஸுக்கு யூசர்பேட்ச் போட்டா வைட்ஸ்கிரீன் வரும், 1999ல வந்த ஆல்ஃபா சென்டாரில அதோட ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து டைரக்ட்டிராவுக்கு நேரா 0 போட்டா டெஸ்க்டாப் ரெசல்யூஷன்லயே ஓடும். ஆனா 4கே மானிட்டர்ல இதைப் பண்ணா வில்லேஜர் எறும்பு சைஸ்ல தெரிவார், பட்டன் எழுத்து படிக்க முடியாது, அதோட மேப்ல ஒரே நேரத்துல நிறைய தெரியுறதால கேமோட டென்ஷனே குறைஞ்சிடுது. மிதமான அளவுல நிறுத்திக்கிட்டு மிச்சத்தை ராப்பர் பெருசாக்கட்டும்.

ரெண்டு மானிட்டர் வச்சிருக்கீங்களா? அப்ப மேப்பை ஸ்க்ரோல் பண்ண ஓரத்துக்குப் போற மவுஸ் அடுத்த மானிட்டருக்குத் தாவிடும், சண்டை நடுவுல இது ரொம்பப் படுத்தும். சிஎன்சி-டிடிரா மவுஸை கேமுக்குள்ளயே பூட்டி வைக்கும், வெளிய வரணும்னா கன்ட்ரோல் டேப் அமுக்குங்க.

கேம் ஓடுது ஆனா மியூசிக் மட்டும் இல்லைன்னா, மியூசிக் சிடியிலயே ஆடியோ டிராக்கா இருந்திருக்கும், 1997ல வந்த டோட்டல் அனிஹிலேஷன் அப்படித்தான். ஐஎஸ்ஓ ஃபைலா காப்பி எடுத்தா அந்த டிராக் எல்லாம் வராது, பின்-கியூ வடிவத்துல எடுக்கணும், விண்டோஸ் தானா பின்-கியூவை மவுன்ட் பண்ணாதுங்கிறதால அதுக்கு ஆடியோ டிராக்கை சப்போர்ட் பண்ற வெர்ச்சுவல் டிரைவ் சாஃப்ட்வேர் தேவைப்படும்.

மேக்ல இருந்தா, 2019ல வந்த கேட்டலினால இருந்து 32-பிட் ஆப் எதுவும் ஓடாது, அதனால பழைய மேக் டிஸ்க்கை மறந்துட்டு விண்டோஸ் பதிப்பை, விண்டோஸ் ப்ரோக்ராமை மேக்ல ஓட்டுற கிராஸ்ஓவர்ல போடுங்க. லினக்ஸ்ல அதே வேலைக்கு வைன், லுட்ரிஸ் ரெண்டும் போதும், சில பழைய கேம் இன்னைக்கு விண்டோஸை விட லினக்ஸ்லயே ஒழுங்கா ஓடுது.

கடைசியா நண்பர்களோட சேர்ந்து ஆடுறது. கேம் திறக்கும்போது டைரக்ட்ப்ளே (பழைய கேம்கள் நெட்வொர்க்ல ஆட விண்டோஸ்ல இருந்த வசதி) வேணும்னு கேட்டா விண்டோஸ் ஃபீச்சர்ஸ்குள்ள போய் லெகசி காம்போனன்ட்ஸ்ல அதை ஆன் பண்ணுங்க, சிங்கிள் ப்ளேயர் ஆடுனாலும் சில கேமுக்கு இது தேவை. மெனுல ஐபிஎக்ஸ்னு (அந்த காலத்து நெட்வொர்க் முறை) மட்டும் காட்டுற கேம்னா, விஸ்டால இருந்தே விண்டோஸ்ல ஐபிஎக்ஸ் கிடையாது, ஐபிஎக்ஸ்ராப்பரோட டிஎல்எல்களை எல்லாருமே அவங்கவங்க கேம் ஃபோல்டர்ல போட்டுக்கணும். டாஸ் கேம்னா டாஸ்பாக்ஸ் கான்ஃபிக்ல ஐபிஎக்ஸை ஆன் பண்ணிட்டு, ஒருத்தர் ஐபிஎக்ஸ்நெட் கமாண்ட்ல சர்வர் ஆரம்பிக்கணும், மத்தவங்க அவரோட ஐபி அட்ரஸ் கொடுத்து கனெக்ட் பண்ணணும். எல்லார்கிட்டயும் ஒரே வெர்ஷன், ஒரே பேட்ச் இருக்கான்னு முதல்லயே பார்த்துக்குங்க, ஒருத்தர்கிட்ட மட்டும் வேறயா இருந்தா ரூமுக்குள்ளயே வர முடியாது, இல்ல பாதி ஆட்டத்துல அவுட் ஆஃப் சின்க்னு வந்து எல்லாருக்கும் நின்னுடும். ஒருத்தர் கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியா ஓட ஆரம்பிச்சதும் அந்த டிஎல்எல்கள், கான்ஃபிக் ஃபைல், பேட்ச் எல்லாத்தையும் ஒரு ஜிப்பா போட்டு மத்தவங்களுக்கு அனுப்பிடுங்க, கேம் மட்டும் அவங்கவங்க காப்பியில இருக்கட்டும்.