மெக்சிகோ சிட்டியில் ஒன்பது மணி நேரம்: விமானம் மாறும் இடைவெளியில் ஊரைப் பார்ப்பது எப்படி?

அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் இருக்கிறது என்றால் நம்மில் பலர் நாற்காலியிலேயே தூங்கிவிடுவோம். மெக்சிகோ சிட்டியில் அப்படிச் செய்யாதீர்கள். பெனிட்டோ ஹுவாரெஸ் விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஊரின் நடுவில் உள்ள சோக்கலோ சதுக்கம் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: பல இடங்களுக்கு ஓடாமல், சோக்கலோவையும் அதைச் சுற்றியுள்ள சில தெருக்களையும் மட்டும் பாருங்கள்.

1. டிக்கெட் எடுக்கும் முன்பே பார்க்க வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்கும் மெக்சிகோ விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால் தனியாக மெக்சிகோ விசா எடுக்க வேண்டியதில்லை. விதி மாறக்கூடியது என்பதால் தூதரகத்தில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, இந்த ஊருக்கு இரண்டு விமான நிலையங்கள். ஃபெலிப்பே ஆங்கெலெஸ் என்ற மற்றொன்று 2022இல் திறக்கப்பட்டது. அது ஊருக்கு வெளியே வெகுதூரம் வடக்கே இருக்கிறது. ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறும்படி டிக்கெட் இருந்தால் ஊர் சுற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

2. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

காலை 8 மணிக்கு இறங்குகிறீர்கள், மாலை 5 மணிக்கு அடுத்த விமானம் என்று வைத்துக்கொள்வோம். சர்வதேச விமானம் என்றால் 2 மணிக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். போக்குவரத்து நெரிசல் கடுமையான ஊர் என்பதால் 1 மணிக்கே சோக்கலோவிலிருந்து கிளம்புங்கள். காலையில் குடிவரவு வரிசைக்கும் மற்றதற்கும் ஒன்றரை மணி நேரம், ஊருக்குள் போக முக்கால் மணி நேரம். ஆக 10.15இலிருந்து 1 மணி வரை உங்கள் கையில் இருக்கும். ஒன்பது மணி நேரம் என்று தோன்றியது உண்மையில் இரண்டே முக்கால் மணி நேரம்தான். இடைவெளி ஆறு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் வெளியே போக வேண்டாம் என்பதே என் கருத்து.

3. பெட்டி, பணம், வண்டி

பெரிய பெட்டி கடைசி ஊர் வரை தானாகப் போகிறதா, இங்கே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டுமா என்று புறப்படும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். கைப்பையை விமான நிலையத்தில் உள்ள பொருள் காப்பறையில் கட்டணம் செலுத்தி வைக்கலாம்.

விலைப் பலகைகளில் டாலர் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்நாட்டுப் பணமான பெசோவுக்கும் அதே குறிதான். தெருக்கடைகளில் பெரும்பாலும் அட்டை செல்லாது. சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் போக, முனையத்துக்கு உள்ளேயே பணம் கட்டிச் சீட்டு வாங்கும் அங்கீகரிக்கப்பட்ட டாக்சிதான் புதியவர்களுக்கு நல்லது. வெளியே நின்று கூப்பிடுகிறவர்களிடம் போகாதீர்கள். மெட்ரோ ரொம்ப மலிவு. ஆனால் சோக்கலோவுக்கு இடையில் ரயில் மாற வேண்டியிருக்கும். நேரம் குறைவாக இருக்கும்போது அது வேண்டாம்.

4. டெம்ப்லோ மாயோர்

என்னைக் கேட்டால், சோக்கலோவை ஒட்டிய இந்த ஒரு இடத்துக்காகவே வெளியே போகலாம். 1978இல் மின்வாரியத் தொழிலாளர்கள் தெருவோரம் பள்ளம் தோண்டியபோது மூன்று மீட்டருக்கும் மேல் அகலமான ஒரு வட்டக் கல் தட்டுப்பட்டது. கை, கால், தலை துண்டிக்கப்பட்டுக் கிடக்கும் கொயோல்ஷௌகி என்ற தெய்வத்தின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருந்தது. அதைத் தொடர்ந்து, அஸ்டெக் மக்களின் தலைநகரான டெனோச்டிட்லானின் பெருங்கோயிலான டெம்ப்லோ மாயோர் அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஒரு கோயிலை மூடி அதன்மேல் அடுத்த கோயில் என்று வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கட்டியிருப்பதை, போடப்பட்ட நடைபாதையிலிருந்தே பார்க்கலாம். அந்த வட்டக் கல் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. மேல் தளத்திலிருந்து குனிந்து பாருங்கள், உருவம் முழுசாகப் பிடிபடும். திங்கட்கிழமை விடுமுறை.

பக்கத்திலேயே பெரிய தேவாலயம். 1573இல் தொடங்கி 1813இல் முடித்தார்கள். ஏரி இருந்த இடத்தில் எழுந்த ஊர் என்பதால் நிலம் அமுங்கிக்கொண்டே இருக்கிறது. தேவாலயம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்ட உள்ளே மேலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கொத்தனார்கள் சுவர் பிடிக்கும் அதே குண்டுதான், அளவு மட்டும் பெரியது. ஐந்து நிமிடம் அதன் கீழே நில்லுங்கள்.

மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம். ஊர் கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரத்தில், ஊட்டிக்குச் சமமாக இருக்கிறது. மெதுவாக நடங்கள், பாட்டில் தண்ணீர் மட்டும் குடியுங்கள்.

5. சாப்பாடு

தெருவோரம் பெண்கள் விற்கும் த்லாகோயோவைத் தேடிச் சாப்பிடுங்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த நீலச் சோள மாவை உள்ளங்கையில் உருட்டி, நடுவில் பீன்ஸ் பயறு மசியல் வைத்து மூடி, இரண்டு கையாலும் தட்டித் தட்டி மீன் வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். அதைச் சுடும் கோமால் என்ற கல் நம் தோசைக்கல்லுக்கு உறவு. வெந்ததும் மேலே சப்பாத்திக்கள்ளித் துண்டு, வெங்காயம், சீஸ், பச்சை சால்சா என்ற காரச் சட்னி. மிளகாய் இந்த மண்ணிலிருந்துதான் போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்தது என்பது அந்தச் சால்சாவை நாக்கில் வைத்ததும் நினைவுக்கு வரும். பழக்கடையில் சப்போட்டா கிடைத்தால் அதையும் வாங்குங்கள். அந்தப் பெயரே இங்குள்ள நாவாட்டில் மொழியின் 'ட்சபோட்ல்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'சின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள், ஆனால் பலர் கோழியை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'சின் போயோ' என்றும் சொல்லுங்கள். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும் உண்டு. 'மன்டேகா' இருக்கிறதா என்று கேளுங்கள்.

6. திரும்பும்போது

1 மணி ஆனதும் கிளம்பிவிடுங்கள், இன்னும் ஒரு தெரு பார்க்கலாம் என்று மனம் சொன்னாலும். டாக்சியில் ஏறும் முன் உங்கள் விமானம் எந்த முனையம் என்று பாருங்கள். முதல் முனையமும் இரண்டாம் முனையமும் நடந்து மாறக்கூடிய தூரத்தில் இல்லை. தவறாக இறங்கிவிட்டால் ஏரோட்ரென் என்ற சிறு ரயில் உண்டு, போர்டிங் பாஸைக் காட்டி ஏறலாம்.

வீட்டுக்கு ஏதாவது வாங்க நினைத்தால், மோலே என்ற மசாலாக் குழம்பு விழுதைக் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் சேர்த்து எடுத்துவிடுவார்கள். பட்டை சேர்த்த, பாலில் கரைத்துக் குடிக்கும் சாக்லேட் வில்லைகள் கிடைக்கும், அவற்றை வாங்குங்கள்.